பெட்டி கனமாக இருக்காது

என் பிரிவு உபசார விழாவில் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் முதல் வரிசையில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் "எல்லாருக்கும் நன்றி, பிரியாணி ஆறிடும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்கே சட்டை நனைந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். முதுகுவலிக்காக முன்கூட்டியே ஓய்வு வாங்கினேன் என்று சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு விழாவில் என்னைப் பேசச் சொல்வார்கள் என்ற பயமும் ஒரு காரணம்.

நம் ஆபீஸை நடத்தும் மேடம் விடவில்லை. "பேச வரலைன்னா எழுதியாவது குடுங்க டேவிட்" என்றார். எழுதுகிறேன். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். மூன்று பேரும் டிகிரி வைத்திருக்கிறீர்களே, அதற்கும் ஒரு வேலை வேண்டும்.

நம் சித்தூர் ஆபீஸ் பட்டாளத்துக்காரர் குடும்பங்களுக்கானது என்பது உங்களுக்குத் தெரியும். பென்ஷன், சான்றிதழ், பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப் இதெல்லாம் பத்து நாளில் பழகிவிடும். நான் சொல்ல வருவது எப்போதாவது வரும் அந்த ஒரு போனைப் பற்றி. பழைய சண்டையில் காணாமல் போனவர்கள் சிலர் வடக்கே பனிக்குள் கிடக்கிறார்கள். பனி உருகும்போது எலும்பு வெளியே வருகிறது. யாருடையது என்று கண்டுபிடிக்க இங்கே இருக்கும் சொந்தக்காரரின் ரத்தம் வேண்டும். வீட்டைத் தேடிப் போவது, சொந்தக்காரரைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது, ரத்தம் ஒத்துப்போனால் ரேணிகுண்டா விமான நிலையத்திலிருந்து பெட்டியைக் கொண்டுவந்து ஊரில் சேர்ப்பது, எல்லாம் டிரைவரும் அட்டெண்டருமான என் தலையில்தான் விழும். இனி உங்கள் தலையில்.

முதலில் பெட்டி.

புத்தூர் பக்கம் ஒரு ஊருக்கு முதல் தடவை அப்படி ஒருவரைக் கொண்டுபோனோம். நம் பக்கத்தில் சாவு என்றால் தோள் கொடுக்க அடிபிடி நடக்கும். பட்டாளத்துக்காரர் சாவு என்றால் கேட்கவே வேண்டாம். ஆள் நீளத்துக்குப் பெட்டி, மேலே கொடி. ஊரிலேயே வாட்டசாட்டமான நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். "தம் புடிங்கடா" என்று ஒருத்தன் சொன்னான். நாலு பேரும் மூச்சை இழுத்து ஒரே தூக்கு. உள்ளே இருந்தது ஒரு துணியில் முடிந்த கொஞ்சம் எலும்பு. பெட்டி தலைக்கு மேலே போய்விட்டது. முன்னால் பிடித்தவன் நிலைதவறி மேளக்காரர் மேல் விழுந்தான். மேளம் கிழிந்தது. "எழுந்துக்கினாருடோய்!" என்று யாரோ கத்த, பாதிக் கூட்டம் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடிவிட்டது.

நான் வண்டிக்குப் பின்னால் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்து வந்து பார்த்தால், பெட்டி தரையில் இருக்கிறது. இறந்தவரின் தம்பி அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, "இவ்ளோதானா எங்கண்ணன்?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது நம் ஆபீஸில் ஒரு சுபேதார் சார் இருந்தார். சண்டையில் ஒரு காது போனவர். நல்ல காதை என் பக்கம் திருப்பி முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அடுத்த தடவை, பெட்டியைக் கிட்டப் பார்க்கறதுக்கு முன்னாடியே, வீட்டுல ரொம்ப வேண்டப்பட்டவங்க யாரோ அவங்களைத் தனியாக் கூப்பிட்டு, 'பெட்டி கனமா இருக்காது'ன்னு சொல்லு."

"அப்புறம் என்ன சொல்லணும் சார்?"

"ஒண்ணும் சொல்லாதே. அது உனக்கு நல்லா வரும்."

அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் சொல்லுங்கள். அது எவ்வளவு இலேசு என்பதை அவர்கள் கை நாலு பேர் நடுவில் கண்டுபிடிக்கக்கூடாது.

இனி பாலசமுத்திரம் கெங்கம்மா.

ஒரு நாள் வடக்கிலிருந்து ஓர் அதிகாரி மேடத்துக்குப் போன் செய்தார். ரோந்து போன ஒரு கூட்டமே அந்தக் காலத்தில் பனிச்சரிவில் புதைந்துபோனது. இப்போது மூன்று பேருடைய எலும்பு கிடைத்திருக்கிறது. இரண்டு பேர் யார் என்று தெரிந்துவிட்டது. மூன்றாமவர் அந்தக் கூட்டத்தில் மிச்சமிருந்தவர்களில் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். அதில் ஒருவர் பாலசமுத்திரம் மண்டலத்துக்காரர், பெயர் முனிரத்தினம். ஃபைலைப் பார்த்தோம். பெற்றோர் இல்லை, பிள்ளைகள் இல்லை. நெருங்கிய சொந்தம் என்ற இடத்தில் மனைவி கெங்கம்மா.

நான் போனேன். மாந்தோப்பை ஒட்டி ஓட்டு வீடு. எழுபது தாண்டிய அம்மா, நெற்றியில் காலணா அளவுக்குப் பொட்டு, மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அழுவார் என்று தண்ணீர் பாட்டில்கூடக் கையில் தயாராக வைத்திருந்தேன்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாமா தொரைக்கு?" என்றார். "பொங்கலுக்கு வந்துடறேன்னு சொல்லிட்டுப் போன ஆளு. எத்தினி பொங்கல் போச்சு! வரட்டும், வச்சிக்கறேன்."

"அவருதானான்னு இன்னும் தெரியலை பெரிம்மா."

"அவருதான். பனிக்குள்ள இத்தினி வருசம் தூங்கறதுன்னா வேற யாரால முடியும்? காலைல எழுப்பறதுக்குள்ள எங்களுக்குத் தாவு தீந்துடும்."

ஆள் தயார் என்று சந்தோஷமாகத் திரும்பினேன். மறுநாள் அந்த வடக்கு அதிகாரி என் சந்தோஷத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டார். மனைவியின் ரத்தம் எதற்கும் உதவாதாம். கட்டிக்கொண்டவர்களுக்குள் ரத்த சம்பந்தம் ஏது? தாய், கூடப்பிறந்தவர்கள், அக்கா தங்கையின் பிள்ளைகள், இப்படித் தாய்வழியில் யாராவது வேண்டும். தகப்பன் வழியிலும் பார்க்கலாம், ஆனால் அவருடைய அப்பா ஒற்றைப் பிள்ளை, அந்தப் பக்கம் ஆளே கிடையாது. அந்த மாதக் கடைசிக்குள் யாரும் கிடைக்காவிட்டால் மூன்றாமவரைப் பெயர் இல்லாமல், மரியாதையோடு அங்கேயே தகனம் செய்துவிடுவோம் என்றார்.

மறுபடியும் பாலசமுத்திரம். இந்த முறை எனக்குக் காபி கிடைத்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பாதி டம்ளர் வரை குடித்தேன். பிறகு கேட்டேன்.

"பெரிம்மா, அவருக்குக் கூடப் பொறந்தவங்க யாராச்சும்?"

"ஒரே அக்கா. செத்துப் பத்துப் பன்னெண்டு வருசம் ஆவுது."

"அந்த அக்காவுக்குப் பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு."

எனக்கு உயிர் வந்தது. "அந்தப் பொண்ணு இப்ப எங்க கீறாங்க?"

கெங்கம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனுக்குக் காப்பி போட்டுக் குட்த்துட்டு, உன் எதிர்ல உக்காந்துகினு கீறா."

டம்ளர் கையில் சாய்ந்து பேண்ட்டெல்லாம் காபி.

நம் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுவது தெருவுக்குத் தெரு நடப்பது. எங்கள் சபையில் அதற்கு இடமில்லை, பாதிரியார் கோயில் வாசலையே மிதிக்கவிடமாட்டார். அதனால் என் மண்டையில் அந்தக் கதவு திறக்கவே இல்லை. ஃபைலிலும் 'மனைவி' என்று ஒரு வார்த்தைதான். வடக்கே இருப்பவருக்கோ இப்படி ஒன்று உலகத்தில் இருக்கும் என்றே தெரியாது. கெங்கம்மாவும் சொல்லவில்லை. அவரை யாரும் கேட்கவில்லையே.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அக்கா பெண் என்று எழுதிக்கொடுத்தால் போதும் என்றேன். அங்கேதான் சிக்கிக்கொண்டது.

"அக்கா பொண்ணுன்னு எழுத மாட்டேன்" என்றார்.

"உண்மைதானே பெரிம்மா?"

"உண்மைதான். அவரு காணாமப் போனப்போ எனக்குப் பதினெட்டு. கல்யாணமாயி அவரோட இருந்தது லீவு நாளு ஒண்டிதான். சொந்தக்காரனுங்க எல்லாம் கூடி உக்காந்துகினு, 'நீ இன்னா பொண்சாதி, ஒரு பொங்கல்கூடச் சேந்து வெக்கல. தாலியக் கழட்டி வச்சிட்டு அக்கா பொண்ணாவே இரு, வேற எடம் பாக்கறோம்'னானுங்க. எங்கம்மாவே சொன்னா. மாட்டேன்னேன். பொணத்தக் காட்டு, அப்பால பேசுன்னேன். இத்தினி வருசம் சண்ட போட்டுப் பொண்சாதியா இருந்துட்டு, இப்ப நீ வந்து அக்கா பொண்ணுன்னு எழுதுன்றே. அவனுங்க சொன்னதுக்கு நானே கைநாட்டு வெக்கறாப்பல ஆவாதா?"

இங்கே கவனியுங்கள். மாதக் கடைசி நெருங்குகிறது. மேடம் போனில் "என்ன ஆச்சு?" என்று மெசேஜ் மேல் மெசேஜ். நல்லாப் பேசத் தெரிந்தவன் யாராவது அங்கே இருந்திருந்தால் நாட்டுக்காக, தியாகத்துக்காக, அறிவியலுக்காக என்று ஆரம்பித்திருப்பான். கெங்கம்மா தவிட்டு வாளியை எடுத்து அவன் தலையில் கவிழ்த்திருப்பார். நான் பேசவில்லை. இது புத்திசாலித்தனம் இல்லை, எனக்கு வார்த்தை வரவில்லை. உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது காபி வந்தது. அதையும் குடித்தேன். மாடு ஒரு தடவை கத்தியது.

"இன்னா நைனா, வாயே தொறக்க மாட்டேன்றே?"

"பேச வராது பெரிம்மா."

"அப்பால எதுக்கு உன்னப் போயி அனுப்பறாங்க?"

"வண்டி ஓட்டறதுக்கு."

சிரித்துவிட்டார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "எழுதலன்னா அவர இன்னா பண்ணுவாங்க?"

"அங்கயே தகனம் பண்ணிடுவாங்க."

"பேரு சொல்லித்தானே?"

"பேரு இல்லாம."

எழுந்து உள்ளே போனார். கோபம் என்று நினைத்தேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தார். "ரெண்டையும் எழுதணும். பொண்சாதி மொதல்ல, அக்கா பொண்ணு அப்பால. ஒத்துக்கினா வண்டிய எடு."

வண்டியை எடுத்தேன். அதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

திருப்பதி ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா ஒருவர். உறவு என்ன என்று கேட்டார். நான் தொண்டையைக் கனைப்பதற்குள் கெங்கம்மா இரண்டையும் சொன்னார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏமம்மா, மேனமாமனே சேசுகுன்னாவா? நேனு கூடா!" என்று சிரித்தார். அவரும் தாய்மாமனைக் கட்டியவர்! இரண்டு பேரும் மாமன்களைப் பற்றித் தெலுங்கில் ஒரு பாட்டம் குறை சொல்லி முடிக்கும் வரை நான் சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு டாக்டரம்மா தமிழில் விளக்கினார். ஒரு தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓர் அடையாளம் இறங்கும். பெண் பிள்ளைகள் அதைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். "உங்க பாட்டி அதை உங்க மாமாவுக்கும் குடுத்தாங்க, உங்க அம்மாவுக்கும் குடுத்தாங்க. உங்க அம்மா உங்களுக்குக் குடுத்தாங்க. அதனால உங்ககிட்ட இருக்கறதும் அவர்கிட்ட இருக்கறதும் ஒண்ணுதான்."

கெங்கம்மா மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஆயா மூக்குதான் எனக்கு. அவருக்கும் அதே சப்ப மூக்கு."

மேடம் அதிகாரிக்கு இதைப் போனில் சொன்னது தனிக் கதை. ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மனைவியின் ரத்தம் அனுப்புகிறோம், ஏனென்றால் அவர் அக்கா மகள் என்றார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். மேடம் உதட்டில் விரல் வைத்து, "யோசிக்கறார்" என்றார். நீண்ட நேரம் கழித்து, "மேடம், சொந்த அக்காவின் மகளா?" என்று கேட்டார். சொந்த அக்காதான் என்றார் மேடம். "இது எல்லாருக்கும் சம்மதமா?" மேடம் நிதானமாக, "பெண்ணுக்கு இந்த ஐம்பது வருஷமாகச் சம்மதம்தான் சார்" என்றார். அதன்பின் அவர் கேள்வி கேட்கவில்லை. நல்ல மனிதர். பிறகு அவர் அழைத்தபோதெல்லாம் "அந்த மாமாஜி கேஸ்" என்றுதான் ஆரம்பிப்பார்.

மாமாஜி கேஸ் ஒத்துப்போயிற்று.

ரேணிகுண்டாவுக்குக் கெங்கம்மாவும் வருவேன் என்று வந்துவிட்டார். வெளியே தலைவர்கள் கூட்டம். ஊர்ப் பையன்கள் பெரிய ஃபிளெக்ஸ் அடித்துக் கட்டியிருந்தார்கள். இருந்த ஒரே போட்டோ அவர் பட்டாளத்தில் சேர்ந்தபோது எடுத்தது. மீசை சரியாக முளைக்காத பையன், சப்பை மூக்கு. மாலை போட வந்த தலைவர் ஒருவர் ஃபிளெக்ஸைப் பார்த்தார், கெங்கம்மாவைப் பார்த்தார், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "மீ மனவடாம்மா?" என்று கேட்டார். பேரனா என்று.

"நா மொகுடு!" என்றார் கெங்கம்மா. புருஷன் என்பதை அதைவிட முரட்டுத்தனமாகத் தெலுங்கில் சொல்ல முடியாது. தலைவர் மாலையைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொள்வார் போல இருந்தது.

பெட்டி வெளியே வருவதற்கு முன்னால் அவரைத் தனியாக வேப்பமர நிழலுக்குக் கூப்பிட்டேன். "பெரிம்மா, பெட்டி கனமா இருக்காது."

"தெரியும் நைனா. எம்மாம் வருசமாச்சு." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "நான்தான் கனம். சின்னதுல எம்பேரு சாமி, கெங்கம்மா ஜாத்திரைக்கு என்னத் தோள்ல தூக்கிக்கினு போவாரு. எனக்கு அஞ்சு வயசு, அவருக்கு ஒரு பதினோரு வயசு இருக்கும். வழியெல்லாம் 'கழுத கனம் கனக்கறே, எறங்கி நட'ன்னு திட்டிகினே போவாரு. எறக்கி ஒண்டி விட மாட்டாரு."

ஊரில் பெட்டியை வீட்டு வாசலில் இறக்கினோம். தூக்குகிற நாலு பேரிடமும் முன்பே சொல்லியிருந்ததால் யாரும் கரும்புத் தோட்டத்துக்கு ஓடவில்லை. பட்டாளத்துக்காரர்கள் கொடியை மடித்துக் கெங்கம்மாவிடம் கொடுத்தார்கள். பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த வெள்ளைத் துணி மூட்டையை வெளியே எடுத்து அவர் மடியில் வைத்தார்கள். கைக்குழந்தை அளவுதான் இருக்கும். சடங்கு முடிந்ததும் ரத்தச் சொந்தம் இல்லாவிட்டாலும் ஊரில் பங்காளி முறை கொண்டாடும் ஒரு பெரியவர், மூட்டையைப் பெட்டியில் வைத்துச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போக வேண்டும், பெண்கள் தெருக்கோடி வரைக்கும் வரலாம் என்றார்.

கெங்கம்மா மூட்டையை மடியிலிருந்து எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க போற?" என்றார் பெரியவர்.

"இவரத் தூக்கிக்கினு போறேன்."

"பொம்பள தோள் குடுக்கறது எந்த ஊரு வழக்கம்? எந்த முறையில நீ தூக்கற?"

மேளம் நின்றது. பட்டாளத்துக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் வண்டிச் சாவியைப் பார்த்தேன். இந்த மாதிரி நேரத்தில் நம் ஆபீஸ்காரர்கள் என்ன செய்ய வேண்டும் என்று மேடம் உங்களுக்குப் பயிற்சியில் ஏதாவது சொல்வார். நான் சொல்வது இதுதான்: ஒன்றும் செய்யாதீர்கள். கெடுத்துவிடுவீர்கள்.

"எந்த முறை வோணும் உனுக்கு?" என்றார் கெங்கம்மா. "பொண்சாதியா, அக்கா பொண்ணா? ரெண்டும் கீது எங்கிட்ட. கெவுருமெண்ட்டே எழுதி வாங்கிக்கினு போயிருக்குது. உங்கிட்ட ஒரு முறைதான் கீது. தள்ளு."

பெரியவர் தள்ளினார்.

தெருக்கோடியில் பெண்கள் பழக்கத்தில் நின்றார்கள். கெங்கம்மா நிற்கவில்லை. வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு பேரும் அவர் பின்னால் ஓடினார்கள். நான் வண்டியை மெதுவாகப் பின்னால் ஓட்டிக்கொண்டு போனேன். அவர் வழியெல்லாம் தோளில் இருந்ததைத் திட்டிக்கொண்டே நடந்தார். மேளச் சத்தத்தில் எனக்கு முழுசாகக் கேட்கவில்லை. "கழுத" என்பது மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது.